1,400 கல்யாணப் படங்கள், அடோபி ஆர்ஜிபி-யிலிருந்து எஸ்ஆர்ஜிபி-க்கு மொத்தமா மாத்தணும்

ராயபுரம்_ஷட்டர்:
திருவொற்றியூர் கல்யாணம் ஒண்ணு. ரெண்டு கேமரா, மொத்தம் 1,400 ஜேபெக், ரா ஃபைல் கிடையாது. ஒரு கேமரால கலர் ஸ்பேஸ் (படத்துல இருக்கிற எண்ணை எந்த நிறமாப் படிக்கணும்ங்கிற கணக்கு) எஸ்ஆர்ஜிபி-க்குப் பதிலா அடோபி ஆர்ஜிபி-ன்னு கிடந்ததை யாரும் கவனிக்கல. சாம்பிளுக்கு 4க்கு 6-ல பத்து பிரிண்ட் போட்டா, அந்தக் கேமரா படம் மட்டும் சோகை பிடிச்ச மாதிரி வருது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடையில வாங்கின அரக்குப் பட்டு மங்கிப்போச்சு, முகத்துல ரத்தமே இல்ல. போட்டோஷாப் இமேஜ் ப்ராசஸர்ல "கன்வர்ட் ப்ரொஃபைல் டு எஸ்ஆர்ஜிபி" டிக் போட்டு எல்லாத்தையும் ஓட்டினேன், துளி மாற்றமும் இல்ல. கையில இருக்கிறது வேற ஒரு சாஃப்ட்வேர்ல பேர் மாத்தி அடுக்கின காப்பி; கார்டை ஃபார்மட் பண்ணியாச்சு. லேப்காரர் "சிஎம்ஒய்கே-ல கொடுங்க, சரியாயிடும்"ங்கிறார் (நாலு மை அச்சுக்கான நிறமுறை). என்ன பண்ணலாம்?

பெரம்பூர்_ப்ரொஃபைல்:
உங்க கன்வர்ட் வேலை செய்யாததுக்குக் காரணம் அந்தப் பேர் மாத்தின சாஃப்ட்வேராத்தான் இருக்கும். ஃபைலுக்குள்ள இருந்த ஐசிசி ப்ரொஃபைலை (எந்த கலர் ஸ்பேஸ்னு சொல்ற குறிப்பு) தூக்கிட்டு, எண்களை மட்டும் விட்டிருக்கும். ஒரு படத்தைத் திறந்து, கீழே ஸ்டேட்டஸ் பார்ல "டாக்குமென்ட் ப்ரொஃபைல்" வெச்சுப் பாருங்க. "அன்டேக்டு ஆர்ஜிபி"ன்னு காட்டினா அதேதான். ப்ரொஃபைல் இல்லாத படத்தை போட்டோஷாப் தன் வொர்க்கிங் ஸ்பேஸ்லதான் (செட்டிங்ஸ்ல வெச்சிருக்கிற கலர் ஸ்பேஸ்) எடுத்துக்கும். அது எஸ்ஆர்ஜிபி-யா இருந்தா, எஸ்ஆர்ஜிபி-லிருந்து எஸ்ஆர்ஜிபி-க்கு மாத்துறதுல என்ன மாறும்?

எஸ்ஆர்ஜிபி-ல 255, 0, 0-ன்னு இருக்கிற சுத்த சிவப்பு, அடோபி ஆர்ஜிபி-ல 219, 0, 0. நிறம் ஒண்ணுதான், எண்தான் வேற. அந்த 219-ஐ லேப் மெஷின் எஸ்ஆர்ஜிபி-ன்னு நம்பிப் படிச்சா சிவப்பு இருண்டு போகும். உங்க அரக்குப் பட்டுக்கு நடந்தது இதுதான்.

அதனால முதல்ல அசைன், அப்புறம்தான் கன்வர்ட். அசைன் எண்ணைத் தொடாது, "இந்த எண்ணுக்கு இதுதான் அர்த்தம்"னு லேபிள் ஒட்டும். கன்வர்ட் நிறத்தை வெச்சுக்கிட்டு எண்ணை மாத்தும்.

விண்டோஸ் ஃபோல்டர்ல "கேமரா மாடல்" காலம் சேர்த்து வரிசைப்படுத்தி, கோளாறான கேமரா படங்களைத் தனி ஃபோல்டருக்கு மாத்துங்க. இந்தப் பிரிப்புல சோம்பல் வேண்டாம். மத்த கேமரா படத்துக்கும் அசைன் போட்டுட்டா நிறம் எகிறி, எல்லார் முகமும் வெயில்ல வெந்த மாதிரி சிவந்துடும்.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், கே அழுத்தி கலர் செட்டிங்ஸ் போங்க. ஆர்ஜிபி பாலிசி "ப்ரிசர்வ் எம்பெடட் ப்ரொஃபைல்ஸ்"ல இருக்கட்டும். கீழே இருக்கிற "ஆஸ்க்" டிக் எல்லாத்தையும் எடுத்துடுங்க. இல்லன்னா ஒவ்வொரு படத்துக்கும் கேள்வி கேட்டு நின்னுடும், நீங்க டீ குடிச்சிட்டு வந்தாலும் முதல் படத்துலயே நிக்கும்.

ஒரு படத்தைத் திறந்து ஆக்‌ஷன் (மத்த படத்துக்கும் அப்படியே ஓட்டுற மாதிரி பதிவு பண்ணின படிகள்) ரெக்கார்ட் பண்ணுங்க. எடிட் மெனுவுல அசைன் ப்ரொஃபைல், அடோபி ஆர்ஜிபி (1998). அப்புறம் கன்வர்ட் டு ப்ரொஃபைல், எஸ்ஆர்ஜிபி. இன்டென்ட் (புது ஸ்பேஸ்ல அடங்காத நிறத்தை எப்படி அடக்கணும்ங்கிறது) ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன் டிக். நிறுத்திடுங்க, ஆக்‌ஷனுக்குள்ள சேவ் வேண்டாம். இன்டென்ட்ல பெர்செப்சுவல் போட்டாலும் இங்க வித்தியாசம் வராது, எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல்ல அதுக்கான டேபிளே இல்ல.

பிறகு இமேஜ் ப்ராசஸர்ல அந்தத் தனி ஃபோல்டர், "ரன் ஆக்‌ஷன்"ல இந்த ஆக்‌ஷன், குவாலிட்டி 12, "இன்க்ளூட் ஐசிசி ப்ரொஃபைல்" டிக். ஏற்கெனவே ஓட்டின காப்பியை எடுக்காதீங்க. அதுல எஸ்ஆர்ஜிபி-ன்னு தப்பு லேபிள் ஏறியிருக்கும், ஜேபெக் இன்னொரு தடவை அமுங்கியும் இருக்கும்.

மின்ட்_தெரு_பிளேட்:
சிஎம்ஒய்கே வேண்டவே வேண்டாம். கெமிக்கல்ல கழுவுற போட்டோ பேப்பர்ல பிரிண்ட் போடுற லேப் மெஷின்ல மையே கிடையாது. சிவப்பு, பச்சை, நீல ஒளியாலதான் பேப்பரை எக்ஸ்போஸ் பண்ணுது. நீங்க சிஎம்ஒய்கே கொடுத்தா ஒண்ணு ஃபைலை எடுக்காது, இல்ல திரும்ப ஆர்ஜிபி-க்கு மாத்தும். போற வழியில செத்த மயில்கழுத்து நீலமும் கிளிப்பச்சையும் திரும்பி வராது.

கல்யாணப் பத்திரிகை, புரோஷர்னு ஆஃப்செட்டுக்கு (பிளேட் வெச்சு மையால அடிக்கிற அச்சு) போனா கதை வேற. அப்பவும் போட்டோஷாப்ல டிஃபால்ட்டா கிடக்கிற அமெரிக்க ஸ்வாப் ப்ரொஃபைல்ல கண்ணை மூடிக்கிட்டு மாத்தாம, பிரஸ்ல எந்த ப்ரொஃபைல்னு கேளுங்க. ஆர்ட் பேப்பருக்கு ஐஎஸ்ஓ கோட்டட் வி2-ன்னா மொத்த மை 330 சதவீதம் வரைக்கும் போகும். பூச்சில்லாத மேப்லித்தோ பேப்பர்ல அவ்வளவு மை போட்டா காயாது, பின்பக்கம் ஒட்டும். கறுப்பு எழுத்தைப் படத்தோட சேர்த்து மாத்தாதீங்க. நாலு பிளேட்லயும் உட்கார்ந்து, ரெஜிஸ்டர் (நாலு பிளேட்டும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்துறது) கொஞ்சம் நகர்ந்தாலே நிழல் அடிக்கும்.

ராயபுரம்_ஷட்டர்:
பிரிச்சு ஓட்டிட்டேன், அரக்கு அரக்காவே வந்துடுச்சு. நன்றி அண்ணே. ஆனா ஆல்பம் ஷீட் 12க்கு 36 இன்ச், ஏற்கெனவே எட்டு பிஎஸ்டி (லேயரோட இருக்கிற போட்டோஷாப் ஃபைல்) டிசைன் முடிச்சு வெச்சிருக்கேன், அதுக்குள்ள பழைய படம்தான் இருக்கு.

பெரம்பூர்_ப்ரொஃபைல்:
அந்த எட்டையும் மொத்தமா மாத்த முடியாது. ஒரே ஷீட்ல ரெண்டு கேமரா படமும் கலந்திருக்கும், ஷீட்டுக்கு அசைன் போட்டா நல்லா இருந்ததும் கெடும். படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டா (ஒரிஜினல் படத்தை அப்படியே உள்ளே வெச்சிருக்கிற லேயர்) வெச்சிருந்தா லேயர் மேல ரைட் கிளிக், "ரீப்ளேஸ் கன்டென்ட்ஸ்", புதுப் படம். அளவும் மாஸ்க்கும் அப்படியே நிக்கும். சாதா லேயர்னா கையாலதான். டெம்ப்ளேட்டோட ப்ரொஃபைலையும் பாருங்க, இறக்கின பிஎஸ்டி சிலது அடோபி ஆர்ஜிபி-ல இருக்கும். அப்படி இருந்தா முதல்ல ஃப்ளாட்டன், பிறகு கன்வர்ட். லேயரோட மாத்தினா மல்டிப்ளை, ஸ்கிரீன்னு பிளெண்ட் மோடு (லேயரைக் கலக்கிற முறை) போட்ட இடமெல்லாம் ஷேடு மாறும். ஷீட் 300 டிபிஐ-ல 10,800க்கு 3,600 பிக்சல் இருக்கணும்.

காசிமேடு_லென்ஸ்:
அடுத்த தடவை கார்டைக் காப்பி பண்ணும்போதே ஃபைல் பேரைப் பாருங்க. கேமரா அடோபி ஆர்ஜிபி-ல இருந்தா பேர் அடிக்கோட்டுலதான் (_) ஆரம்பிக்கும், கேனான், நிக்கான் ரெண்டுலயும். இப்போதைக்கு அரக்குப் பட்டு, மயில்கழுத்து, முகம், வெள்ளை வேட்டினு நாலு படம் மட்டும் மறுபடி 4க்கு 6 போட்டுப் பாருங்க. கொடுக்கும்போது "கலர் கரெக்‌ஷன் வேண்டாம்"னு கவர் மேலேயே எழுதிடுங்க. பழைய பிரிண்ட்டைப் பார்த்த ஆபரேட்டர் சிவப்பை ஏத்தி வெச்சிருந்தா, சரியான ஃபைலும் தப்பாத்தான் வரும்.