இரண்டு லிட்டர் எண்ணெயும் 12,000 ரூபாய் மிச்சமும்: ஒரு குடும்பக் கணக்கு விவாதம்

கணக்குப்பிள்ளை:
சென்ற வாரம் 'சிக்கனச்செல்வன்' என்னும் நண்பர் இங்கே ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தார். மாதம் 62,000 ரூபாய் கைக்கு வரும் அவருடைய குடும்பம், தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டே 12,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறதாம். வாடகை 16,000, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 9,500, மளிகை 7,000, காய்கறியும் பழமும் 4,000, நாளைக்கு ஒன்றரை லிட்டர் நீல உறைப் பாலுக்கு 1,800 என்று அழகாக அடுக்கியிருந்தார். படித்தவர்கள் எல்லோரும் 'அருமை, பயனுள்ள பதிவு' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். மளிகைக்குக் கீழே அவர் கொடுத்திருந்த விவரத்தை ஒருவராவது படித்தீர்களா? 'சமையல் எண்ணெய் 2 லிட்டர்' என்று எழுதியிருக்கிறார். நான்கு பேருக்கு, முப்பது நாளைக்கு, மூன்று வேளைக்கும் சேர்த்து இரண்டு லிட்டர். முப்பத்தொரு ஆண்டுகள் கணக்குத் தணிக்கையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு வரி பொய்யென்றால் அதன் கீழே போட்ட கூட்டுத்தொகையும் பொய்தான்.

சிக்கனச்செல்வன்:
ஐயா, தங்கள் தணிக்கை அனுபவத்துக்கு வணக்கம். என் பட்டியலில் மொத்தம் பதினோரு செலவினங்கள் இருக்கின்றன. தங்கள் கண்ணில் எண்ணெய் மட்டுமே பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மாதம் இரண்டு லிட்டர் எண்ணெய்தான் வாங்குகிறோம், அதற்கு மேல் வாங்குவதில்லை. காலையில் பெரும்பாலும் இட்லி, பொங்கல் அல்லது உப்புமா, மதியம் குழம்பும் ஒரு பொரியலும், இரவு சப்பாத்தி. எண்ணெயில் மிதக்கும் உணவைச் சாப்பிட்டால்தான் நடுத்தரக் குடும்பம் என்று ஏதேனும் அரசாணை இருந்தால் தெரிவியுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
நான் அரசாணை கேட்கவில்லை, கணக்குக் கேட்டேன். கணக்கைக் கேட்டவுடன் இவருக்குக் கோபம் வந்துவிட்டது. சரி, நானே போட்டுக் காட்டுகிறேன். இரண்டு லிட்டரை நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினேழு மில்லி கூட வரவில்லை. நான்கு பேர் ஆளுக்கு மூன்று தோசை சாப்பிட்டால், தோசைக்கு ஒரு சிறு கரண்டி, அதாவது ஐந்து மில்லி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு வேளைக்கு 60 மில்லி. வாரத்தில் நான்கு நாள் தோசை என்றால் மாதம் ஏறக்குறைய ஒரு லிட்டர் தோசைக்கல்லிலேயே போய்விடும். மிச்சமிருக்கும் ஒரு லிட்டரில்தான் தாளிப்பு, பொரியல், வற்றல், அப்பளம், புளிக்குழம்பு எல்லாம் நடக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரையே ஆளுக்கு ஆண்டுக்கு 12 கிலோ. நான்கு பேருக்கு மாதம் நான்கு கிலோ. இவர் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆராய்ச்சிக் கழகத்தைவிடச் சிக்கனமான குடும்பத்தை இன்றுதான் பார்க்கிறேன்.

மதுரை மங்கை:
இரண்டு ஐயாக்களுக்கும் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு வாணலி எந்த அலமாரியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பழகிய இரும்புக் கல்லாக இருந்து, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் மூன்று தோசைக்கு ஒரு கரண்டி எண்ணெயே போதும். கணக்குப்பிள்ளை ஐயா தோசைக்கு ஐந்து மில்லி என்று எழுதியதிலேயே அவர் தோசை சுட்டதில்லை என்பது தெரிகிறது. அதே வேளையில், வளரும் பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டில் விருந்தாளி வராத, பலகாரம் செய்யாத மாதம் எது என்று சிக்கனச்செல்வன் தம்பி எனக்குச் சொல்ல வேண்டும். தீபாவளி மாதம் முறுக்குக்கு மட்டும் எங்கள் வீட்டில் மூன்று லிட்டர் ஆகிறது.

ஈரோட்டுக்காரன்:
எல்லோரும் லிட்டர் லிட்டர் என்கிறீர்கள். எங்கள் பக்கம் செக்கில் கிலோ கணக்கில்தான் வாங்குகிறோம். ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். ஆகவே இரண்டு கிலோ வாங்கினால் அது 2.2 லிட்டர். கணக்குப்பிள்ளை கிலோவில் பரிந்துரையைச் சொல்லிவிட்டு லிட்டரோடு ஒப்பிடுகிறார். நான்கு கிலோ என்பது கிட்டத்தட்ட 4.4 லிட்டர். தணிக்கைத் துறையில் அலகு பார்க்கக் கற்றுக்கொடுப்பதில்லை போலும்.

கணக்குப்பிள்ளை:
ஈரோட்டு நண்பருக்கு நன்றி. அவர் என்னைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு என் வாதத்துக்கே வலுச் சேர்த்திருக்கிறார், 4.4 லிட்டருக்கு 2 லிட்டர் என்றால் பற்றாக்குறை இன்னும் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அலகைப் பற்றிப் பேசுவதென்றால் நானும் பேசுவேன். எண்ணெய் சூடேறினால் விரியும். அதனால் ஒரு லிட்டர் என்று அச்சிட்டுவிட்டு, 60 பாகை வெப்பத்தில் அளந்தது என்று சின்ன எழுத்தில் போட்டு எடையைக் குறைக்கும் வழக்கம் இருந்தது. அதைத் தடுக்கத்தான், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் அச்சிட வேண்டும் என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் அறிவுறுத்தி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தந்தது. சிக்கனச்செல்வன் வாங்கும் இரண்டு லிட்டரின் எடை என்ன? நிதி ஆயோக் 2024இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டில் ஓர் ஆள் ஆண்டுக்கு 19.7 கிலோ சமையல் எண்ணெய் பயன்படுத்துவதாகச் சொல்கிறது. நான்கு பேருக்கு மாதம் ஆறரைக் கிலோவுக்கு மேல். நாடு முழுவதும் ஆறரை, தாம்பரத்தில் மட்டும் இரண்டு.

சிக்கனச்செல்வன்:
ஐயா, 19.7 கிலோ என்பதில் உணவகத்து வடை, பேக்கரி ரொட்டி, பிஸ்கட், சிப்ஸ் உறை எல்லாவற்றிலும் உள்ள எண்ணெய் சேர்ந்திருக்கிறது. அது என் வீட்டு மளிகைப் பட்டியலில் வராது. புள்ளிவிவரம் வேண்டுமென்றால் நானும் தருகிறேன். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி இந்திய நகரங்களில் ஓர் ஆளின் மாதச் செலவு 6,996 ரூபாய். அதில் உணவுக்குப் போவது ஏறக்குறைய 40 விழுக்காடு. நான்கு பேருக்குக் கணக்கிட்டால் உணவுக்கு 11,200 ரூபாய்க்குள் வருகிறது. நான் மளிகை, காய்கறி, பால் மூன்றுக்கும் சேர்த்து 12,800 ரூபாய் காட்டியிருக்கிறேன். நாட்டின் சராசரியைவிட அதிகமாகச் செலவழிக்கும் என்னைப் பிள்ளைகளைப் பட்டினி போடுபவன் போலச் சித்திரிப்பது நியாயமா? அந்த ஆய்வில் உணவுச் செலவுக்குள் முதலிடம் பிடித்திருப்பதே பானங்களும் பதப்படுத்திய உணவும்தான். நாங்கள் வெளியில் வாங்கித் தின்பதைக் குறைத்தோம். மிச்சம் அங்கிருந்து வருகிறது.

கணக்குப்பிள்ளை:
பாலைப் பற்றிப் பேசினார், பிஸ்கட்டைப் பற்றிப் பேசினார், நாட்டின் சராசரியைப் பற்றிப் பேசினார். எண்ணெயைப் பற்றி மட்டும் பேசவில்லை. இரண்டு லிட்டரா, இல்லையா?

புழுதிவாக்கத்தான்:
இவ்வளவு நேரமும் யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். சிக்கனச்செல்வன் ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குத் தரும் ஒரு லிட்டர் பாமாயிலை வாங்குகிறாரா? வாங்கினால் அது அந்த இரண்டு லிட்டருக்குள் வருகிறதா, வெளியில் நிற்கிறதா?

சிக்கனச்செல்வன்:
வாங்குகிறோம். 30 ரூபாய்த் துவரம் பருப்பையும் வாங்குகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாமாயிலை நாங்கள் அன்றாடச் சமையலுக்குப் பயன்படுத்துவதில்லை. அப்பளம் பொரிக்கவும் பண்டிகைப் பலகாரத்துக்கும் எடுத்து வைக்கிறோம். ஆகவே அதை 'இதர செலவு' என்னும் தலைப்பில் சேர்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
அன்பர்களே, இதைத்தான் முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்! இரண்டு லிட்டர் என்றவர் இப்போது மூன்று லிட்டருக்கு வந்துவிட்டார். அப்பளம் பொரிப்பது சமையல் இல்லையாம், அது 'இதர செலவாம்'. நான் பணியில் இருந்தபோது செலவை இப்படித் தலைப்பு மாற்றிப் போட்டவர்களுக்குக் குறிப்பாணை அனுப்பியிருக்கிறேன். இன்னும் இரண்டு நாள் விட்டால் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் சாமி விளக்குக்கு ஊற்றும் நல்லெண்ணெயும் எந்தத் தலைப்பில் ஒளிந்திருக்கின்றன என்பதும் வெளிவரும்.

வேளச்சேரி வேந்தன்:
62,000 ரூபாய் சம்பளம் வாங்குபவர் ரேஷன் பாமாயில் வாங்குவது முறையா என்று யாருமே கேட்கவில்லையே. எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, அடையாளத்துக்கு மட்டும் அட்டை வைத்திருக்கிறோம்.

புழுதிவாக்கத்தான்:
வேந்தர் அவர்களே, தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்கும் உரியது. வருமானம் பார்த்துக் கதவை மூடும் ஏற்பாடு இங்கே இல்லை. நீங்கள் வேண்டாமென்று எழுதிக்கொடுத்தது உங்கள் பெருந்தன்மை. மற்றவர் வாங்குவது அவர் உரிமை. உங்கள் வீட்டு மின் கட்டணத்தில் இலவச யூனிட் கழிகிறதே, அதையும் வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டீர்களா?

வேளச்சேரி வேந்தன்:
அது வேறு, இது வேறு.

மதுரை மங்கை:
எண்ணெய்ப் பானையை விட்டு யாராவது வெளியே வாருங்கள். அந்தப் பட்டியலில் எனக்கு உறுத்துவது வேறொன்று. மிச்சம் 12,000 என்கிறார். பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்துப் போட்டிருக்கிறார், சரி. ஜூன் மாதத்துச் சீருடை, புத்தகம், பை, காலணி எங்கே? உறவில் ஒரு கல்யாணம் வந்தால் மொய் எங்கே? மாமியாரின் மருந்து எங்கே? எரிவாயு உருளையும் காசு கொடுத்துத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம், நான்கு பேருக்கு அது எத்தனை நாள் வருகிறது என்றுகூட எழுதவில்லை. மிச்சம் என்றால் மாதக் கடைசியில் கையில் நிற்பதா, ஆண்டுக் கடைசியில் நிற்பதா? என் அனுபவத்தில் பத்து மாதம் சேர்த்ததை இரண்டு மாதம் தின்றுவிடும்.

சிக்கனச்செல்வன்:
அம்மா, தங்கள் கேள்விக்கு விரிவாகப் பதில் எழுதக் காத்திருக்கிறேன். அதற்குள் ஐயா விடமாட்டேன் என்கிறார். 12,000இல் 5,000 செல்வமகள் திட்டத்துக்கும், 4,000 பொது வருங்கால வைப்பு நிதிக்கும், 3,000 நகைக் கடைச் சீட்டுக்கும் போகிறது.

கணக்குப்பிள்ளை:
நகைச் சீட்டு! சென்ற ஆண்டு இதே இடத்தில் நகைச் சீட்டு ஏன் பெரும்பாலும் பதினொரு மாதத்தோடு முடிகிறது என்று நான் விளக்கியபோது பாதியில் காணாமல் போனவர் இவர்தான் என்பதைப் பழைய நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொருளுக்கு வாங்கிய முன்பணம் 365 நாளைத் தாண்டினால், 2014ஆம் ஆண்டின் நிறுவனச் சட்ட விதிகளின்படி அது வைப்புத்தொகை ஆகி, அதற்குரிய கட்டுப்பாடுகளுக்குள் வந்துவிடும். அதனால்தான் பதினொரு மாதம். அதைச் சொன்னதற்கு 'ஐயா பயமுறுத்துகிறார்' என்றார். இன்றும் அதே சீட்டில்தான் இருக்கிறார்.

மங்கை அம்மையார் கேட்ட கேள்விகள் நியாயமானவை. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் விடை எண்ணெயில்தான் தொடங்குகிறது. கச்சா சமையல் எண்ணெய்க்கு அடிப்படை இறக்குமதி வரி 2024 செப்டம்பரில் சுழியத்திலிருந்து 20 விழுக்காடானது. 2025 மே மாதக் கடைசியில்தான் 10 ஆகக் குறைந்தது. நாடு தன் தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. விலை இப்படி ஏறி இறங்கும் ஒரு பொருளின் அளவையே குறைத்துக் காட்டுபவர், சீருடைக்கும் மொய்க்கும் சரியாக ஒதுக்கியிருப்பார் என்று நம்பச் சொல்கிறீர்களா?

மதுரை மங்கை:
நான் கேட்டது என்ன, நீங்கள் எழுதியது என்ன? என் கேள்வியையும் உங்கள் எண்ணெயிலேயே போட்டுப் பொரித்துவிட்டீர்கள்.

சிக்கனச்செல்வன்:
ஐயா, சென்ற ஆண்டு நான் காணாமல் போகவில்லை. என் தந்தையார் மருத்துவமனையில் இருந்தார், அதை அப்போதே எழுதியும் இருந்தேன். எண்ணெய் இரண்டு லிட்டர்தான். இன்னும் நூறு முறை கேட்டாலும் இரண்டு லிட்டர்தான்.

கணக்குப்பிள்ளை:
தந்தையார் நலம் பெற்றிருப்பார் என்று நம்புகிறேன். பாமாயிலோடு சேர்த்து மூன்று. வருகிற முதல் தேதியிலிருந்து காலியான எண்ணெய் உறைகளைக் குப்பையில் போடாமல் எடுத்துவைத்து, மாதக் கடைசியில் படம் பிடித்து இங்கே போடுங்கள். எண்ணிக்கொள்கிறோம்.

சிக்கனச்செல்வன்:
போடுகிறேன். தாங்களும் தங்கள் வீட்டு உறைகளைப் போடுங்கள். ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைக்குள் இருக்கிறீர்களா என்று நாங்களும் எண்ணிப் பார்க்கிறோம்.

கணக்குப்பிள்ளை:
நான் பட்டியல் எதுவும் வெளியிடவில்லையே.

ஈரோட்டுக்காரன்:
படம் எடுக்கும்போது உறையில் எழுதியிருக்கும் எடை தெரியும்படி எடுக்கவும். 910 கிராமுக்குக் குறைந்திருந்தால் அதை ஒரு லிட்டர் என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.