சூடானதும் எரியும் ஆயில் பிரஷர் லைட்: பம்பா, பேரிங்கா?

சேலத்தில் இருக்கிறேன். 2013 மாடல் 1.3 லிட்டர் டீசல் கார், 1,42,000 கி.மீ. ஓடியது. மூன்று வாரத்துக்கு முன் ஏற்காடு மலை ஏறும்போது, பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தியதும் சிவப்பு எண்ணெய்க்குடம் லைட் எரிந்தது. உடனே ஆஃப் பண்ணிவிட்டேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியான அளவில்தான் இருந்தது.

காலையில் ஸ்டார்ட் செய்தால் லைட் வராது. என்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) மட்டும் மினுக்குகிறது, 1,500 ஆர்பிஎம் தாண்டினால் அணைந்துவிடுகிறது. தட்டும் சத்தம் இல்லை.

5டபிள்யூ-30 ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். பிரஷர் சுவிட்ச் புதுசு போட்டாச்சு, ஒயரிங்கும் பார்த்தாச்சு. பழைய ஃபில்டரை அறுத்து விரித்தேன். மடிப்புகளில் கருப்பு மசிதான், விரலில் தேய்த்தும் உலோகத்தூள் எதுவும் மின்னவில்லை. கடைசியாக ஆயில் பிரஷரை நேரடியாக அளக்கும் மெக்கானிக்கல் கேஜ் மாட்டினோம்: சூட்டில் ஐடிலிங் 0.4 பார், 2,500-இல் 1.8 பார். ஆக, பிரஷர் நிஜமாகவே குறைவுதான், லைட் பொய் சொல்லவில்லை. அன்றிலிருந்து வண்டியை எடுக்கவே இல்லை.

ஒரு மெக்கானிக் ஆயில் பம்ப் என்கிறார், இன்னொருவர் நேராக என்ஜினைப் பிரிக்கணும் என்கிறார். சம்ப்பை (என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மட்டும் இறக்கி, தேய்ந்தது பம்பா, கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கா என்று உறுதியாகக் கண்டுபிடிக்க என்ன வழி?