புது கேரவன் டிரெய்லர் டெலிவரிக்கு முன்னாடி சோதிச்சப்போ நடந்தது: நீலகிரி, கொடைக்கானல் ஆட்கள் பகிரவும்

குன்னூர் மழை

எல்லாரும் வீடியோ பாத்துட்டுத்தான் வாங்கப் போவீங்க. அதனால எதையெல்லாம் பாக்கணும்னு பட்டியல் போடல. ஒரே ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதை மட்டும் சொல்றேன்.

கோயம்புத்தூர் பக்கம் ஒரு யார்டு. காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற, ரெண்டு பேர் படுக்குற சின்ன டிரெய்லர், வெளியில ஃபைபர் பேனல், உள்ள பிளைவுட். அட்வான்ஸ் கொடுத்தாச்சு, மீதிக்கு செக் பையில இருக்கு. தண்ணி ஹோஸ் வேணும்னேன். அங்க இருந்த தம்பி சிரிச்சுட்டு, "வாஷ் பண்ணித்தான் நிறுத்தியிருக்கோம் மேடம்"னான். கழுவ இல்ல தம்பி, நனைக்கன்னு சொன்னேன்.

கீழ இருந்து மேல போகணும். எடுத்ததும் கூரையில ஊத்தினா எல்லாம் ஒண்ணா வழிஞ்சு, எந்த இணைப்பு ஒழுகுதுன்னே தெரியாது. பின் ஜன்னலை நிதானமா நனைச்சுட்டு உள்ள போய் மெத்தையைத் தூக்கினேன். கண்ணுக்கு ஈரமே தெரியல. ஜன்னலுக்குக் கீழ மூலையில கட்டைவிரலால அழுத்தினேன், பிளைவுட் உள்ள போச்சு. ரொம்ப இல்ல, நகம் பதியுற அளவு. நான் ஊத்தின தண்ணிக்கு அதுக்குள்ள பலகை இளகாது. இது எப்பவோ வெளியில மழையில நின்னு குடிச்ச தண்ணி.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் அழுத்திப் பாத்தான். ஒரு வார்த்தை பேசல. என் முகத்தைப் பாக்காம வெளிய போயி ரூம் ஸ்பிரே பாட்டிலோட வந்து உள்ள முழுக்க அடிச்சான். மல்லிகை வாசனை. நான் அங்கேயே நிக்கிறேன், என் முன்னாடியே அடிக்கிறான்! அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியல.

அட்வான்ஸ் திரும்பி வந்துச்சு, அது தனிக் கதை. அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர் பெஞ்ச ஜில்லா இது. இங்க ஒழுகுற வண்டியை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

கோத்தகிரி பெரியவர்

எனக்கு டயர்ல வந்துச்சும்மா. விஷயம் உங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதான், டயர் பக்கவாட்டுல இருக்கிற நீள எண்ணுல கடைசி நாலு எண், முதல் ரெண்டும் டயர் தயாரான வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். ஆனா அந்த முழு எண் டயரோட ஒரு பக்கத்துல மட்டும்தான் இருக்கும். மறுபக்கம் பாதிதான் இருக்கும், தேதி இருக்காது.

நான் பாத்த டிரெய்லர் 2023 மாடல்னு சொன்னாங்க. ரெண்டு சக்கரத்துலயும் வெளிப்பக்கம் தேதியைக் காணோம். ஒண்ணுன்னா தற்செயல், ரெண்டுமேவா? வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு அடியில படுத்து செல்போன் டார்ச் அடிச்சேன். 1418. அதாவது 2018 ஏப்ரல். டயர்ல பட்டன் தேயவே இல்ல, பளபளன்னு கருப்பு பாலிஷ் வேற. டிரெய்லர் டயர் ஓடித் தேயுறதை விட நின்னு கெடுறதுதான் அதிகம். ரப்பர் காய்ஞ்சு உள்ளுக்குள்ள வெடிப்பு விட்டிருக்கும், மேட்டுப்பாளையம் இறக்கத்துல சூடேறினா அப்பத்தான் காட்டும்.

வெளிய வந்தப்போ ஓனர் சொன்னார் பாருங்க: "ஐயா, இதுவரைக்கும் யாருமே அடியில படுத்ததில்லைங்க." பாராட்டா குறையான்னு இன்னும் புரியல. புது டயர் போட்டுக் கொடுத்தாங்க. போட்ட அன்னிக்கும் படுத்துப் பாத்தேன்.

பெருமாள்மலை ரிவர்ஸ்

முதல் பதிவு போட்ட மேடம் சொன்னதைப் படிச்சுட்டு யாரும் கார் வாஷ் பிரஷர் கன்னைக் கையில எடுத்துராதீங்க. அந்த வேகத்துல அடிச்சா இணைப்பை அடைக்கிற நல்ல சீலன்ட்டுக்குள்ளயும் தண்ணி ஏறும், அப்புறம் நல்ல வண்டியைக் கெட்ட வண்டின்னு சொல்லிட்டு வருவீங்க. விரலால அழுத்துறதும் முழுசா நம்புற சோதனை இல்ல. ஈரம் பாக்குற மீட்டர் ஆன்லைன்ல கிடைக்குது. அதுலயும் எண்ணைப் பாத்துப் பதறக்கூடாது. மிஸ்டுல நிக்கிற வண்டிக்கு எல்லா இடமும் கொஞ்சம் கூடத்தான் காட்டும். ஒரே வண்டியில ஒரு இடம் மட்டும் எகிறுதான்னு பாக்கணும்.

என் கதை சின்னது. ஓவர்ரன் பிரேக் வச்ச டிரெய்லர். கார் பிரேக் போட்டா டிரெய்லர் முன்னாடி தள்ளும், காரோட மாட்டுற கப்ளிங் தண்டு உள்ள போகும், டிரெய்லர் பிரேக் பிடிக்கும். ரிவர்ஸ் எடுத்தாலும் அதே தண்டு உள்ள போகுமில்ல? அப்பவும் பிடிக்காம இருக்கத்தான் பிரேக் டிரம்முக்குள்ள தானா விலகுற அமைப்பு இருக்கு. யார்டுல சமதளத்துல ரிவர்ஸ் எடுத்துக் காட்டினாங்க, அருமையாப் போச்சு. பக்கத்துல லாரி ஏத்துற சரிவு ஒண்ணு இருந்துச்சு, அதுல பின்னாடி ஏத்துங்கன்னேன். பாதியில கப்புன்னு பிடிச்சு நின்னுருச்சு. கிளட்ச் வாசனை. டிரைவர் இறங்கி, "அண்ணே, நீங்க எதுக்கு ஏத்தத்துல ரிவர்ஸ் எடுக்கப் போறீங்க?"ன்னார். என் வீட்டு வாசலே ஏத்தம்தான் தம்பி!

இதோட இன்னும் கொஞ்சம் சொல்லிடறேன். கேஸ் அடுப்பு எரியுதுன்னு காட்டுவாங்க, அது சோதனை இல்ல. ரெகுலேட்டர், ஒவ்வொரு இணைப்பு, எல்லாத்துலயும் சோப்பு நுரை தடவிப் பாக்கணும். உள்ள தரைமட்டத்துல காத்துத் துளை இருக்கான்னு பாருங்க, நம்ம கேஸ் காத்தை விட கனம், கீழதான் தேங்கும். குளிருக்குன்னு அந்தத் துளையைத் துணி வச்சு அடைக்கிற ஆட்களை மலையில நிறையப் பாத்திருக்கேன், அது உயிருக்கே வினை. டிசம்பர்ல உறைபனி விழற இடத்துல கேஸ்ல இருக்கிற பியூட்டேன் சரியா ஆவியாகாது, அடுப்பு மங்கினா அடுப்புல குறைன்னு நினைக்காதீங்க. கேஸ்ல ஓடற ஃப்ரிட்ஜ்னா வண்டி சமமா நிக்கணும், சாய்ஞ்சு நின்னா குளிராது. இறக்கத்துல பிரேக்கை மட்டும் நம்பாம ஏறின கியர்லயே இறங்குங்க. ஹேண்ட்பிரேக்கை சரிவுல போட்டுச் சோதிங்க. கார்ல இருந்து கழண்டா தானா பிரேக் போடற அந்தச் சின்ன ஒயரை இழுத்துப் பாருங்க. இழுக்கவே விட மாட்டேன்னா அந்த யார்டை விட்டு வந்துருங்க.

மன்னவனூர் குளிர்

பம்ப்பை ஆன் பண்ணி எல்லாக் குழாயையும் மூடிட்டு, பேசாம நில்லுங்க. பம்ப் பிரஷர் கட்டி நின்னுரணும். கொஞ்ச நேரம் கழிச்சு தானா "டுர்ர்"னு ஒரு தடவை ஓடினா எங்கயோ கசியுது. யார்டுல ரேடியோ சத்தமா வச்சிருந்தாங்க. அதை நிறுத்தச் சொன்னதுக்கு விக்கிறவர் முகம் போன போக்கு இருக்கே! நிறுத்தினதும் டுர்ர். சிங்க் அடியில ஒரு கிளிப் லூசு. ஸ்க்ரூ டிரைவர் வேலைதான், முடிச்சுக் கொடுத்தாங்க.

பர்லியார்

மலைக்கு எதுக்குங்க டிரெய்லர்? மேட்டுப்பாளையம்–குன்னூர் 14 கொண்டை ஊசி. ஊட்டி–மசினகுடி கல்லட்டி ரோட்டுல 36. 2024 மே 7-ல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேற. ஒரு நாள் வளைவுல ஒரு புது டிரெய்லர் மாட்டிக்கிச்சு. டிரெய்லர் சக்கரம் கார் போன தடத்துல போகாது, உள்பக்கம் வெட்டும். அது மண்ணுல இறங்கிருச்சு, முன்பக்க கேஸ் பெட்டி கார் பம்பர்ல இடிச்சு நசுங்கிக் கிடக்கு. வரிசையா பஸ் நிக்குது. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, டிரெய்லர்காரர்கிட்ட கார் சாவியை வாங்கி, தானே ஓட்டி எடுத்துக் கொடுத்துட்டுப் போனார். டிரெய்லர்காரர் நன்றி கூடச் சொல்லல, நசுங்கின பெட்டியையே தடவிட்டு இருந்தார்.

குன்னூர் மழை

நான் எங்கேயும் பிரஷர் கன்னுன்னு சொல்லல. தோட்டத்து ஹோஸ்தான், அதுவும் பாதி திறந்து. இன்னொரு தடவை படிங்க பெருமாள்மலை சார். விரல் பதிஞ்ச பலகைக்கு மீட்டர் வேற எதுக்கு?

பர்லியார் சார், நீங்க சொன்னது வாங்க வேண்டாம்ங்கிறதுக்குக் காரணமா எனக்குத் தெரியல, யார்டுலயே பாக்க வேண்டிய விஷயமாத்தான் தெரியுது. காரோட மாட்டி ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா ஓட்டினா, பெட்டி பம்பர்ல இடிக்குமா இடிக்காதான்னு அங்கேயே தெரிஞ்சிரும்.

கூடலூர் நாடுகாணி

யாரும் முன் எடையைச் சொல்லலியேக்கா. கப்ளிங் காரை அழுத்துற எடை குறைஞ்சா இறக்கத்துல டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அமெரிக்க டிரெய்லருக்கு மொத்த எடையில 10-ல இருந்து 15 சதவீதம்பாங்க, ஐரோப்பிய வகைக்கு அதை விடக் குறைவு. நம்ம காரோட கொக்கி எவ்வளவு தாங்கும்னு அதோட தகட்டுல பாத்துக்கணும்.

வீட்டுல எடை பாக்குற மெஷினைக் கொண்டு போய் கப்ளிங் அடியில கட்டை வச்சு நிறுத்தினேன். காலி வண்டி, சரியாத்தான் காட்டுச்சு. தண்ணி ரொப்புங்கன்னேன். டேங்க் ஆக்சிலுக்குப் பின்னாடி. 100 லிட்டர்னா 100 கிலோ. ரொப்ப ரொப்ப முள்ளு கீழ இறங்குது, சீசா பலகையில பின்னாடி ஒரு ஆள் ஏறின கணக்கா. வேடிக்கை பாத்துட்டிருந்த வெல்டர் அண்ணன்தான் முதல்ல, "அடப்பாவி, டேங்கை மாத்தி வச்சுட்டோம்டா"ன்னு சத்தமாச் சொல்லிட்டார். முதலாளி அவரை முறைச்ச முறைப்பு! அந்த அண்ணன் வேலைக்கு ஒண்ணும் ஆகாம இருக்கணும், அதான் எனக்குக் கவலை.

பேப்பர் பத்தி ஒரு வரி: டிரெய்லருக்குத் தனி ரிஜிஸ்ட்ரேஷன். படிவம் 21 (விற்பனைச் சான்று), 22 (ஓட்டத் தகுதிச் சான்று) ரெண்டுலயும் இருக்கிற சேசிஸ் நம்பர் இரும்புல அடிச்சிருக்கிறதோட ஒத்துப் போகுதான்னு பணம் கட்டும் முன்னாடி பாருங்க.

குன்னூர் மழை

சனிக்கிழமை வேற ஒரு வண்டி பாக்கப் போறேன், எடை மெஷினும் வருது. கோத்தகிரி ஐயா, அடியில படுக்க பாய் கொண்டு போகணுமா?

கோத்தகிரி பெரியவர்

சாக்கு போதும்மா. சக்கரத்துக்குக் கட்டை வைக்கச் சொல்லிட்டுப் படுங்க. ஜாக்கியில மட்டும் நிக்கிற வண்டிக்கு அடியில போகாதீங்க.