சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ், ஒரு நாள், ஐந்து பேர்: எந்தக் கேமராவை எடுத்துப்போவது?

வைகைக்கரை

வணக்கம். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். அதில் ஒரு முழு நாள் செந்தோசாவில் உள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு. நாங்கள் இருவர், அம்மா (66 வயது), மகள் (9 வயது, 131 செ.மீ.), மகன் (4 வயது, 100 செ.மீ.).

கையில் இருப்பவை: கேனான் 200டி மார்க் 2 டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், தூரத்தை அருகே காட்டும் 55-250 எஸ்டிஎம் லென்ஸ். 10 மீட்டர் ஆழம் தாங்கும் பழைய ஆக்‌ஷன் கேமரா ஒன்று. ஃபோன் இரண்டு, அதில் ஒன்று ஐபி68 (தண்ணீர் தாங்கும் தரம்).

டிஎஸ்எல்ஆரைத் தூக்கிக்கொண்டு போவதா, ஃபோனோடு நிறுத்திக்கொள்வதா, இல்லை பாக்கெட்டில் அடங்கும் காம்பாக்ட் ஒன்று வாங்குவதா? 24 மி.மீ. எஃப் 2.8 பான்கேக் (தட்டையான, சிறிய) லென்ஸ் வாங்கிவிட்டு கிட் லென்ஸை வீட்டில் வைத்துவிடலாம் என்றும் ஒரு எண்ணம். செலவு 15,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். டிசம்பர் மழையை நினைத்தாலும் கவலையாக இருக்கிறது.

தீவுவாசி

கேமராவை விடுங்கள், முதலில் உங்கள் வீட்டு உயரக் கணக்கைப் பாருங்கள் சார். பாதி விடை அதில்தான் இருக்கிறது. பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. வேண்டும், 'ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி' ரோலர் கோஸ்டருக்கு 122. ஜுராசிக் பார்க் ராபிட்ஸ் படகு ரைடிலும் 100 செ.மீ. பையனை ஏற்ற மாட்டார்கள். அதாவது பெரிய ரைடு ஒவ்வொன்றிலும் உங்கள் இருவரில் ஒருவர் மகளோடு ஏறுவார். இன்னொருவர் பையனோடும் அம்மாவோடும் கீழே நிற்பார். கேமரா யாரிடம் இருக்கும்? கீழே நிற்பவரிடம். அதனால் ரைடுக்குள் எதைக் கொண்டுபோவது என்பதைவிட, வெளியே நிற்பவர் எதை வைத்து எடுப்பார் என்பதுதான் உங்களுக்குக் கேள்வி.

கேலக்டிகாவிலும் மம்மியிலும் கையில், பையில் எதுவும் விடமாட்டார்கள், எல்லாம் லாக்கருக்குப் போக வேண்டும். ஆள் ஒருவர் கீழே இருக்கும் வீட்டுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. பெரிய கேமரா கொண்டுவர உங்களுக்குக் கிடைத்த வசதி இது. ஐந்து பேரும் ஏறும் குடும்பமாக இருந்தால் ஃபோனோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கேலக்டிகாவில் தண்டவாளம் இரண்டு. சிவப்பில் உட்கார்ந்து போவார்கள், நீலத்தில் தொங்கிக்கொண்டு போவார்கள். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிப் பாயும் இடம் கீழேயிருந்து நன்றாகத் தெரியும். எந்த நிறத்தில் ஏறப்போகிறார்கள், எத்தனையாவது வரிசை என்று ஏறுமுன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை ஊழியர்தான் ஒதுக்குவார் என்பதால் வரிசை மாறலாம், நிறம் மாறாது.

மம்மி முழுக்க இருட்டுக்குள் ஓடுவது. அங்கே உங்கள் கேமராவுக்கு வேலையே இல்லை. முகம் வேண்டுமென்றால் வெளியேறும் வழியில் அவர்கள் விற்கும் படத்தை வாங்குவது ஒன்றுதான் வழி.

ஒளித்துளை

தீவுவாசி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். 200டி-யை எடுத்துப்போங்கள். ஆனால் பான்கேக் வேண்டாம். லென்ஸ் அருமையானது, 125 கிராம்தான். இருந்தாலும் உங்கள் கேமராவின் சிறிய சென்சாரில் (படம் பதியும் சில்லு) 24 என்பது ஃபுல் ஃப்ரேம் கேமராவின் 38 மி.மீ. போலத்தான் விழும், அகலம் குறையும். வாசலில் சுழலும் உலக உருண்டையும் ஐந்து பேரும் ஒரே படத்தில் வர நீங்கள் நிறையப் பின்னால் போக வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் பத்துப் பேர் குறுக்கே நடப்பார்கள். 18-ல் (29 மி.மீ. போல) கிட்டத்திலேயே நின்று, முட்டிபோட்டு, கொஞ்சம் மேல் நோக்கி எடுத்துவிடலாம். உருண்டையைச் சுற்றியுள்ள எழுத்துகளும் சேர்ந்து சுற்றுகின்றன. ஒரே ஒரு படம் எடுத்தால் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். எழுத்து உங்கள் பக்கம் திரும்பும் வரை காத்திருந்து நாலைந்து படம் தொடர்ச்சியாக அடியுங்கள்.

50 மி.மீ. எஃப் 1.8 பற்றியும் யாராவது சொல்வார்கள். அது இந்தச் சென்சாரில் 80 ஆகிவிடும். கடைக்குள்ளும் வரிசையிலும் பின்னால் போக இடமிருக்காது.

எடைக் கணக்கு: உடல் 449 கிராம், 18-55 எஸ்டிஎம் 215, 55-250 எஸ்டிஎம் 375. மொத்தம் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். பகலெல்லாம் கழுத்தில் ஒரு கிலோ தொங்கினால் மாலையில் யாரும் கேமராவைத் தொடமாட்டார்கள். லென்ஸ் மாற்றுவதை நாளுக்கு இரண்டே முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 18-55 எப்போதும் மாட்டியிருக்கட்டும். 55-250 கேலக்டிகாவுக்கும் வாட்டர்வேர்ல்டு என்ற தண்ணீர் ஸ்டன்ட் ஷோவுக்கும் மட்டும். அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டால் ஒரே தடவை மாட்டி, ஒரே தடவை கழற்றினால் போதும்.

கோஸ்டருக்கு: டிவி மோடு (ஷட்டர் வேகத்தை நாமே வைப்பது), 1/1000 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) ஆட்டோ, ஏஐ சர்வோ (ஓடும் பொருளைத் தொடரும் ஃபோகஸ்), நடு ஃபோகஸ் புள்ளி மட்டும், தொடர் ஷூட்டிங். கண்டிப்பாக வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியே எடுங்கள். வெயிலில் திரையைப் பார்த்துக்கொண்டு ஓடும் பெட்டியைத் துரத்த முடியாது, பேட்டரியும் வற்றிப்போகும். கேனான் தரும் கணக்குப்படி வ்யூஃபைண்டரில் ஒரு சார்ஜுக்கு 1,070 படம், திரையில் 320. வினாடிக்கு 5 படம்தான் வரும். ஆகவே பெட்டி வளைவுக்குள் நுழையும்போதே அழுத்தத் தொடங்க வேண்டும், முகம் தெரிந்த பிறகு அழுத்தினால் முதுகுதான் கிடைக்கும்.

வாட்டர்வேர்ல்டில் முன்வரிசைகள் நனையும் வரிசைகள். கேமரா இருப்பவர் மேல் வரிசையில் உட்காருங்கள். முடிவில் கடல்விமானம் சுவரைத் தாண்டி வந்து விழும். அதற்கு 55-250-ஐ 55 பக்கமே வைத்திருங்கள். 250-ல் தேடிக்கொண்டிருந்தால் விமானம் தண்ணீரில் இருக்கும்.

வீடியோவில் ஒரு பொறி இருக்கிறது. 200டி மார்க் 2-ல் 4கே போட்டால் படம் மேலும் வெட்டுப்படும், 18 மி.மீ. கூட அகலமாக இராது. வீடியோவில் ஆளைச் சரளமாகத் தொடரும் டூயல் பிக்சல் ஃபோகஸும் 4கே-யில் வேலை செய்யாது, பையன் ஓடிவந்தால் ஃபோகஸ் அலைபாயும். முழு எச்டி-யிலேயே எடுங்கள். சிங்கப்பூர் மின்சாரம் நம் ஊர் போலவே 50 ஹெர்ட்ஸ். மெனுவில் வீடியோ சிஸ்டம் பிஏஎல்-ல் (50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றது) இருக்கட்டும், உள்ளரங்கில் ஷட்டர் 1/50 அல்லது 1/100. இல்லையென்றால் எல்இடி விளக்குக்குக் கீழே படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

பொன்வண்டு

காம்பாக்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை யாரும் தொடவில்லை. கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3 (24-100, எஃப் 1.8 முதல் 2.8, 304 கிராம்), சோனி ஆர்எக்ஸ்100 ஏழாவது மாடல் (24-200, எஃப் 2.8 முதல் 4.5, 302 கிராம்) இரண்டும் பயணத்துக்கென்றே செய்ததுபோல இருக்கும். சென்சார் பரப்பு உங்கள் 200டி-யில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் ஜி7 எக்ஸின் எஃப் 1.8 லென்ஸ் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும் (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்). அகலக் கோணத்தில் உங்கள் 18-55 எஃப் 4-தானே. மங்கல் வெளிச்சத்தில் கிட் லென்ஸ் போட்ட டிஎஸ்எல்ஆரை விட அது பின்தங்காது. ஆனால் இரண்டுமே 15,000-க்குள் வராது. பயணத்துக்கு முந்தின வாரம் புதுக் கேமரா வாங்கி, பட்டன் தேடிக்கொண்டே நாளைக் கழிப்பதும் நல்லதல்ல.

ஃபோனை மட்டும் நம்பவும் வேண்டாம். டிக்கெட், வரைபடம், டாக்ஸி, பணம் எல்லாம் அதில்தான். வெயிலில் சூடேறினால் திரை மங்கும், வீடியோ நின்றுபோகும். மாலையில் ஹோட்டலுக்குத் திரும்ப அந்த ஃபோன் உயிரோடு வேண்டும்.

உங்கள் ஆக்‌ஷன் கேமராவை ராபிட்ஸுக்கு வையுங்கள். வட்டப் படகு சுற்றிக்கொண்டே போகும், யார் பக்கம் தண்ணீர் அடிக்கும் என்று சொல்ல முடியாது. கையில் பிடித்துக்கொண்டு ஏற விடுவார்களா என்று ஏறுமுன் ஊழியரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வாதாடாமல் கீழே நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள். 10 மீட்டர் என்பது பக்கக் கதவு முழுக்க மூடியிருந்தால்தான். அந்தக் கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு தலைமுடி படிந்திருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். முந்தின இரவு ஈரத்துணியால் ரப்பரைத் துடைத்து, விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். பேட்டரி போட்டுக் கதவை மூடுவதும் ஏசி அறையிலேயே இருக்கட்டும். அங்கே காற்று காய்ந்திருக்கும். வெளியே வெக்கையில் திறந்து மூடினால் அந்த ஈரக்காற்று உள்ளே மாட்டிக்கொண்டு, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் லென்ஸின் உட்பக்கம் புகைபடியும்.

கேமரா மெக்கானிக்

மழையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அதைவிட அதிகம் கேமராவைப் படுத்துவது ஏசி. சிங்கப்பூர் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, 24 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் எந்தப் பொருள் இருந்தாலும் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஹோட்டல் அறை 20, 22-ல் இருக்கும். நீங்கள் எம்ஆர்டி மெட்ரோவில் ஹார்பர்ஃப்ரன்ட் நிலையம் வந்து, விவோசிட்டி மாலுக்குள் நடந்து, செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறுவீர்கள். வழி நெடுக ஏசி. கேமரா குளிர்ந்தபடியே வந்து சேரும். வாசலில் ஆர்வத்தில் சட்டென்று வெளியே எடுத்தால் முன்கண்ணாடி, வ்யூஃபைண்டர் எல்லாம் வெள்ளையாகிவிடும். துடைத்தாலும் மறுபடி வரும், கண்ணாடி சூடாகும் வரை வந்துகொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். அறையை விட்டுக் கிளம்பும்போதே கேமராவை லென்ஸோடு ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். ரயிலை விட்டு வெளியே வந்தபின் 20 முதல் 30 நிமிடம் கவரைத் திறக்க வேண்டாம். நுழைவு வரிசையிலேயே அந்த நேரம் போய்விடும். நீர் கவருக்கு வெளியே கோத்துக்கொள்ளும், கேமரா காய்ந்திருக்கும். அதுவரை ஃபோனில் எடுங்கள். லென்ஸ் குளிர்ந்திருக்கும்போது கழற்றவே கூடாது. சென்சாருக்கு முன்னால் ஈரம் படிந்து, அதில் தூசி ஒட்டி, பிறகு ஒவ்வொரு படத்திலும் வானத்தில் ஒரே இடத்தில் புள்ளியாக வரும்.

டிசம்பர் அங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். 200டி-க்கு மழைத்தடுப்பு எதுவும் கிடையாது. ஹோட்டல் குளியலறையில் வைத்திருக்கும் ஷவர் கேப் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே கவிழ்த்தால் ஃப்ளாஷ் ஷூ, பட்டன்கள், லென்ஸ் மூட்டு மூன்றும் மூடிக்கொள்ளும். திடீர்த் தூறலுக்கு அதுவே போதும். அடைமழை பிடித்தால் பூங்காவின் ஹாலிவுட் பகுதிக்குப் போய்விடுங்கள், அங்கே தெருவுக்கு மேல் பெரிய கூரை இருக்கிறது.

தண்ணீர் உள்ளே போய்விட்டால் ஆன் செய்து பார்க்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தவறு செய்கிறார்கள். வெறும் ஈரத்தைவிட, ஈரத்தோடு மின்சாரம் பாய்வதுதான் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைச் சீக்கிரம் கெடுக்கும். பேட்டரியைக் கழற்றுங்கள், கார்டை எடுங்கள், லென்ஸைக் கழற்றித் துணியால் ஒற்றுங்கள், கேமராவை லென்ஸ் மாட்டும் வாய் கீழ் நோக்கி இருக்க வையுங்கள். அரிசிப் பானை வேண்டாம், மாவும் தூசியும் உள்ளே போகும். ஹேர் ட்ரையரும் வேண்டாம், அது நீரை இன்னும் உள்ளே தள்ளும். ராபிட்ஸ் தண்ணீரில் நனைந்த ஐபி68 ஃபோனை நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவிக் காயவிடுங்கள். சார்ஜ் போடும் துளை முழுக்கக் காயும் வரை கேபிள் செருக வேண்டாம். ஐபி68 என்று எழுதியிருந்தாலும் நீர் புகுந்த பழுதுக்குப் பொதுவாக வாரன்டி கிடையாது.

ஊர் திரும்பியதும் பையோடு பீரோவில் வைத்துவிடாதீர்கள். லென்ஸில் பூஞ்சை பிடிப்பது அப்படித்தான். இரண்டு நாள் காற்றாட வைத்து, பிறகு மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 200டி, இரண்டு லென்ஸ், ராபிட்ஸுக்கு ஆக்‌ஷன் கேமரா, பான்கேக் இல்லை. இன்னும் இரண்டு கேள்வி. மனைவி டிஎஸ்எல்ஆர் பிடித்ததில்லை, பாதி நேரம் கீழே நிற்கப்போவது அவர்தான். எப்படி அமைத்துக் கொடுப்பது? விமானத்தில் பேட்டரி, பவர் பேங்க் விதிமுறை என்ன?

ஒளித்துளை

பி மோடில் (ஷட்டர் வேகத்தையும் லென்ஸ் திறப்பையும் கேமராவே முடிவு செய்வது) வைத்து, ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சவரம்பு 6400 என்று அமைத்துக் கொடுங்கள். இந்தக் கேமராவில் ஃப்ளாஷைக் கையால் தூக்கினால்தான் எரியும், அதை மடக்கியே வைத்திருக்கச் சொல்லுங்கள். கோஸ்டருக்கு மட்டும் டயலை டிவி-க்குத் திருப்பச் சொல்லுங்கள். 1/1000 நீங்கள் வைத்தபடியே இருக்கும், சர்வோவையும் முன்பே போட்டுவையுங்கள். முந்தின ஞாயிறு தெருவில் மகளை சைக்கிள் ஓட்டவிட்டு, பாதி அழுத்திப் பிடித்தபடி தொடர்வதை அவர் ஒரு அரைமணி நேரம் பழகட்டும். ஷட்டரைப் பாதி அழுத்தும் அந்த விரல் பழக்கம் வந்துவிட்டால் மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

மினியன் லேண்டில் பொம்மை வேடக்காரர்கள் நிழலில் நிற்க, பின்னால் வெயில் அடித்தால் முகம் கறுத்துவிடும். அப்போது எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவு) +1 தள்ளச் சொல்லுங்கள்.

பொன்வண்டு

பேட்டரி எல்லாம் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் பவர் பேங்கோ தனி பேட்டரியோ போடக்கூடாது. 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் 74 வாட்-ஹவர். அந்த எண் அதன் மேலேயே தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். தேய்ந்துபோயிருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலில் இருந்து விமானத்துக்குள் பவர் பேங்கால் சார்ஜ் போடுவதையே நிறுத்திவிட்டது, ஏறுமுன்பே ஃபோனை நிரப்பிக்கொள்ளுங்கள். கேமராவுக்கு எல்பி-இ17 இரண்டாவது பேட்டரி ஒன்று வாங்குங்கள். தொடர்புமுனைகளில் செல்லோடேப் ஒட்டி, தனி கவரில் வையுங்கள். அங்கே சுவர்ப் பிளக் மூன்று செவ்வக முனை, நம் உருண்டை முனை சேராது. அடாப்டர் ஒன்று போதும், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டை மாட்டினால் எல்லாவற்றையும் ஒரே இரவில் ஏற்றிவிடலாம்.

தீவுவாசி

இன்னொன்று. காலையில் உள்ளே நுழைந்ததும் ஃபோனில் பையனைத் தலை முதல் கால் வரை ஒரு படம் எடுங்கள், அன்றைய சட்டை, செருப்பு தெரிய. கூட்டத்தில் கை நழுவினால் ஊழியரிடம் காட்ட அதுதான் உதவும். அந்தப் படம் இரண்டு ஃபோனிலும் இருக்கட்டும்.