காஷ் ஊரில் தங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். செப்டம்பர் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு துருக்கியின் காஷ் ஊருக்குப் போகிறேன். அந்தால்யா வரை விமானம், பிறகு பஸ். ஐந்து இரவுகள் தங்க, துறைமுகத்துக்கு மேலே ஒரு சிறிய ‘பான்சியோன்’ பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு குடும்பமே நடத்தும் விடுதி, ஏழே அறைகள், வாடகையும் கைக்கு அடக்கம்.

கவலை படிகளைப் பற்றித்தான். அறை மூன்றாவது மாடியில்; லிஃப்ட் கிடையாது. படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன், வாசலுக்கு வரவே பதினான்கு படிகள்! அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்தப் பக்கத்தில் முற்காலத்தில் வாழ்ந்த லிசியர்களின் கல்சவப்பெட்டி நிற்கும் கடைத்தெருவும் ஏற்றமாகவே தெரிகிறது. பஸ் நிலையத்தின் பக்கம் தங்கினால் கடலுக்கு இறங்கிவிடலாம், திரும்ப யார் ஏறுவது? தரைத்தள அறை கேட்டால் தருவார்களா?

வெந்நீர் மொட்டைமாடியில் வெயிலில் காயும் தொட்டியிலிருந்து வருகிறதாம். இரவு பத்து மணிக்குக் குளிப்பவருக்கு மிஞ்சுமா?

காலையில் ஆலிவ், வெள்ளைச் சீஸ், தக்காளி, தேநீர் போதும். ஆனால் அம்மா சைவம். மெர்ஜிமெக் என்னும் பருப்பு சூப்பில் எலும்புச் சாறு சேர்ப்பார்களா?

எதிரே தெரியும் கிரேக்கத் தீவான மெய்ஸுக்குப் படகு உண்டு. எங்களிடம் ஷெங்கன் விசா இல்லை, கரையிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம்.

வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். தெரிந்தவர்கள் அதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்.