புதுப்பிப்பு: மரியாடிபி பதிவில் குவிந்த ‘அபார்ட்டட் கனெக்‌ஷன்’ எச்சரிக்கைகள்

கம்யூனிகேஷன் பாக்கெட்டுகளைப் படிப்பதில் பிழை, இணைப்பு பாதியில் முறிந்தது (அபார்ட்டட் கனெக்ஷன்) என்ற எச்சரிக்கை எங்கள் மரியாடிபி தரவுத்தள சர்வரின் பதிவுக் கோப்பில் இரவுதோறும் குவிகிறது, நெட்வொர்க் பழுதா என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. நெட்வொர்க்கில் எந்தப் பழுதும் இல்லை.

இரவில் அறிக்கை தயாரிக்கும் ஸ்கிரிப்ட் தன் வேலையை முடித்ததும் இணைப்பை மூடாமலே வெளியேறுகிறது. சர்வருக்குத் தெரிவதெல்லாம் மறுமுனை சொல்லாமல் போய்விட்டது என்பதுதான். கேபிள் அறுந்தாலும் ஸ்கிரிப்ட் இப்படி நின்றாலும் சர்வர் பதிவில் எழுதும் வரி ஒன்றே. அந்த வரியை நம்பி ஸ்விட்சுகளைச் சோதித்தவர்களின் உழைப்பை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

துப்புக் கொடுத்தவை இரண்டு. இணைந்த பிறகு முறையாக மூடாமல் போனவற்றைக் கணக்கிடும் ‘அபார்ட்டட்_கிளையன்ட்ஸ்’ எண்ணிக்கை மட்டும் ஏறியது. இணைய முயன்று தோற்றவற்றைக் கணக்கிடும் ‘அபார்ட்டட்_கனெக்ட்ஸ்’ அசையவில்லை. எல்லா வரிகளிலும் ஒரே பயனர் பெயர். சும்மா இருக்கும் இணைப்பைச் சர்வரே துண்டிக்கும் 28,800 விநாடி ‘வெயிட்_டைம்அவுட்’ வரம்பு காரணமாக இருந்திருந்தால் செய்தியில் ‘பிழை’ என்பதற்குப் பதிலாக ‘டைம்அவுட்’ என்று வந்திருக்கும்.

எவ்வளவு எச்சரிக்கைகள் பதிவாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ‘லாக்_வார்னிங்ஸ்’ அளவை 1 ஆகக் குறைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம், அனுமதி மறுக்கப்பட்ட உள்நுழைவு முயற்சிகளும் அதோடு பதிவிலிருந்து மறைந்துவிடும். ஸ்கிரிப்டின் இறுதியில் இணைப்பை மூடும் வரியைச் சேர்த்தோம். எச்சரிக்கைகள் நின்றுவிட்டன.