கோடுகள் போய்விட்டன, ஆனால் அணு எண்ணிக்கை குறைகிறது. எங்கே தவறு?

குளிர்மேகம்:
வணக்கம். ரூபிடியம்-87 வைத்து வேலை செய்யும் மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி நான். 780 நானோமீட்டர் லேசரில் உறிஞ்சல் படம் எடுக்கிறோம், அதாவது மிகக் குளிர்ந்த அணு மேகத்தின் மேல் லேசரைப் பாய்ச்சி, அது குடித்த வெளிச்சத்தை வைத்து அணுக்களை எண்ணுகிறோம். அணுக்களோடு ஒன்று, வெளிச்சம் மட்டும் ஒன்று, இருட்டில் ஒன்று. முதல் இரண்டுக்கும் நடுவே 60 மில்லிசெகண்ட். அதற்குள் ஒரு கண்ணாடி லேசாக அதிர்ந்தாலும் படம் முழுக்க வரி வரியாகக் கோடு விழுகிறது. ஏசி கம்ப்ரசர் ஓடும்போது இன்னும் மோசம்.

அதனால் அணு இல்லாத 4,000 படங்களை வைத்து படங்களைக் கையாளும் யூ-நெட் என்ற நரம்பு வலையமைப்பு ஒன்றைப் பயிற்றுவித்தேன். நடுவில் ஒரு வட்டத்தை மறைத்துவிடுவேன். ஓரங்களை மட்டும் பார்த்து, உள்ளே வெளிச்சம் எப்படி இருந்திருக்கும் என்று அது சொல்ல வேண்டும். கோடுகள் சுத்தமாகப் போய்விட்டன, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் கண்டென்சேட்டுக்கு (அணுக்கள் மிகக் குளிர்ந்து ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்த சிறிய மேகம்) சரியாக வரும் எண்ணிக்கை, சூடான மேகத்துக்கு மட்டும், எடுத்த வெளிச்சப் படத்தையே நேராகப் பயன்படுத்தும் பழைய முறையைவிட 9 சதவீதம் குறைகிறது. லேசர் வெளிச்சத்தைக் கூட்டினாலோ எந்த மேகமானாலும் இரண்டு முறையிலும் குறைகிறது. வலையமைப்பில்தான் கோளாறா?

பழைய ஆய்வகத்தான்:
இரண்டு கோளாறு ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, பிரித்துப் பாருங்கள்.

சூடான மேகத்தின் ஓரம் உங்கள் வட்டத்துக்கு வெளியே நீண்டிருக்கும். அங்கே அணுக்கள் குடித்த வெளிச்சத்தை வலையமைப்பு 'லேசரே மங்கல்' என்று எடுத்துக்கொண்டு, உள்ளேயும் மங்கலாகவே ஊகிக்கிறது. சோதிப்பது எளிது. அணு இல்லாத ஒரு படத்தில் நீங்களே கணக்கிட்டு ஒரு மேகத்தைப் பதியுங்கள். போட்ட எண்ணிக்கை திரும்பி வருகிறதா பாருங்கள்.

வெளிச்சம் கூட்டினால் குறைவது வலையமைப்பின் பிழையே இல்லை. ரூபிடியம் அணு இரண்டே நிலைகளுக்கு நடுவே திரும்பத் திரும்பத் தாவும் சுழல் தாவலுக்கு, தெவிட்டு அளவு (அணு மேலும் உறிஞ்சத் திணறத் தொடங்கும் வெளிச்சம்) சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1.67 மில்லிவாட். அதை நெருங்கும்போதே, இரண்டு படங்களின் விகிதத்துக்கு மடக்கை எடுக்கும் வெறும் சூத்திரம் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டத் தொடங்கும். 2007இல் ரெய்னௌடி குழுவினர் காட்டிய வழிதான் இன்றும் கைகொடுக்கிறது: மடக்கையை ஆல்ஃபா என்ற திருத்த எண்ணால் பெருக்கி, மேகத்தைக் கடக்கும்போது எவ்வளவு வெளிச்சம் குறைந்ததோ அதைத் தெவிட்டு அளவால் வகுத்துக் கூட்டுங்கள். ஒரே மாதிரி மேகத்தைப் பல வெளிச்சங்களில் படமெடுத்து, விடை மாறாமல் நிற்கும் ஆல்ஃபாவைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் கூடும்போது லேசர் துடிப்பின் நேரத்தைச் சுருக்க மறக்காதீர்கள். ஒவ்வொரு ஃபோட்டானும் அணுவை நொடிக்கு 5.9 மில்லிமீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. நூறு ஃபோட்டான் சிதறினால் டாப்ளர் நகர்வு (அணு நகர்வதால் அது உணரும் லேசர் அதிர்வெண் மாறுவது) முக்கால் மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். அணு உறிஞ்சும் அதிர்வெண் வரம்பின் அகலமே 6 மெகாஹெர்ட்ஸ்தானே.

தொலைநோக்கி:
இன்னொன்றும் கேட்கிறேன். வலையமைப்பைச் சோதிக்கும் படங்களைப் பயிற்சிப் படங்களிலிருந்து எப்படிப் பிரித்தீர்கள்? மொத்தத்தையும் கலக்கிப் பிரித்திருந்தால் ஒரே நாளின் படங்கள் இரண்டு பக்கமும் விழுந்திருக்கும். கோடுகள் நாளுக்கு நாள் மாறும். நாள்வாரியாகப் பிரித்தால்தான் உண்மை தெரியும்.

குளிர்மேகம்:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவே செய்து பார்த்தேன். 1,00,000 அணுக்கள் பதித்தால் 91,500 திரும்பி வந்தது. வட்டத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி மறுபடி பயிற்றுவித்தேன், 99,300. ஓரம் சுருங்கியதால் கோடுகள் கொஞ்சம் மிஞ்சுகின்றன, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நான் கலக்கித்தான் பிரித்திருந்தேன். நாள்வாரியாகப் பிரித்ததும் பிழை இரண்டு மடங்கானது, இன்னும் பல நாள் படங்கள் சேர்க்கிறேன். ஆல்ஃபாவுக்கு எட்டு வெளிச்ச அளவுகளில் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன், ஏசியை அணைத்துவிட்டு.